அடுத்தவர் வீட்டில் பால் காய்ச்சினோம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், ஒரு அம்மா. தலையில் வெள்ளைத் துப்பட்டி, கையில் விமானக் கம்பெனி அட்டை தொங்கும் பை, கண்ணில் தூக்கம். பின்னால் டாக்சி புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள வரலாமா தங்கச்சி?"

"வாங்கக்கா... நீங்க யாருன்னு தெரியலியே?"

"நான் இந்த வீட்டுக்காரி" என்றார்.

நியாயமான பதில்தான். நான் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த வீடு என் வீடு இல்லையே!

தலை சுற்றுகிறதா? எனக்கு வைகாசியிலிருந்து சுற்றுகிறது. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

வைகாசியில் இதே பக்கத்தில் "வீடு பார்த்தாச்சு" என்று நான் பீற்றிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை வாழ்த்துக் கடிதங்கள்! கிள்ளானிலிருந்து ஒரு வாசகி சுவர்க் கடிகாரமே அனுப்பிவிட்டார். அம்மா, அது இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. ஆணி அடிக்கச் சொந்தச் சுவர் வேண்டாமா?

வீடு எதற்கு என்றால் — மாமாவுக்காக. என் கணவரின் அப்பா. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து, தை மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தோட்டத்து வழக்கம்தான் தெரியுமே... வேலை இருக்கிறவரைக்கும்தான் லயத்து வீடு. என் கணவர் மில்லுக்கு லோரி ஓட்டுகிறார், ஆனால் அது வெளிக் காண்ட்ராக்டர் லோரி. நான் கோலசிலாங்கூர் டவுனில் ஓர் இன்சூரன்ஸ் ஆபிசில் டைப்பிஸ்ட். நாங்கள் இரண்டு பேருமே தோட்டத்துக் கணக்கில் வரமாட்டோம். ஆக, மூன்று பேரும் வெளியே.

தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் கிராணி நல்ல மனிதர். "அவசரம் ஒண்ணும் இல்ல மண்டோரே. ஆனா ரொம்ப நாள் ஆக்கிராதீங்க" என்றார். அதாவது, அவசரம்.

தேடி அலைந்து கடைசியில் ஒரு வீடு அமைந்தது. புக்கிட் பெலிம்பிங் போகிற வழியில் ஒரு பழைய வரிசை வீடு. சொந்தக்காரர் ஜமால் பாய். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வாடகைக்கு இருந்தவர்கள் போய்விட்டார்கள், வீடு காலியாகக் கிடந்தது.

வீட்டில் என் மனசு விழுந்ததற்குக் காரணம் என்ன தெரியுமா? அடுப்படி ஜன்னல். அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் அடுப்படி முன்பக்கம்தான். எல்லா வீட்டிலும் ஜன்னல் உயரத்தில் — புகை போவதற்கு மட்டும். நான் பார்த்த இந்த ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல் தாழ்வாக இருந்தது. நான் கொஞ்சம் குட்டை. (கொஞ்சமா என்று கேட்கும் தோழிகள் வாயை மூடவும்.) அடுப்பு முன்னால் நின்றால் சாலை முழுக்கத் தெரிந்தது. யார் கட்டினார்களோ, புண்ணியவான், என்று நினைத்துக்கொண்டேன்.

விலை பேசி முடித்த அன்றைக்கு மாமா தட்டில் வெற்றிலை பாக்கோடு போனார். ஜமால் பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பேச்சு பேச்சுதான் மண்டோர். வீடு உங்களது" என்றார்.

மாமாவுக்கு அதுதான் காண்ட்ராக்ட். கிள்ளானில் இருக்கிற லாயர் ஆபிசுக்கு அது போதாதே! இரண்டு வாரத்தில் சைன் பண்ணிவிடலாம் என்றார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் வைகாசியின் கடைசி முகூர்த்தம் வந்துவிட்டது. அதை விட்டால் ஆனியில் வீடு புகக்கூடாது, ஆடியில் கேட்கவே வேண்டாம்.

"பால் காய்ச்சிருவோம்" என்றார் மாமா.

"இன்னும் சைன் ஆகலியே மாமா?"

"சைன் வெள்ளக்காரன் கொண்டாந்தது. பால் நம்மளுது. மொதல்ல பாலு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவர் எப்போதும் கூரைதான்.

ஜமால் பாய் மறுப்பேதும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார். "ஒங்க முறைப்படி நல்லா செய்ங்க தங்கச்சி" என்று சொல்லி, கடையிலிருந்து பாலையும் கொடுத்தனுப்பினார். அவர் வீட்டில், அவர் பாலைக் காய்ச்சி, நாங்கள் "பொங்கிருச்சு, பொங்கிருச்சு!" என்று கை தட்டினோம். மாவிலைத் தோரணம் கட்டினோம். கோலம் போட்டேன். மாமாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள்தான் வினை ஆரம்பித்தது.

"பால் பொங்குன வீடு இருட்டுல கெடக்கக் கூடாது" என்றார் மாமா. "தெனம் வெளக்கேத்தணும். வீட்டுப் பொம்பள கையால."

வீட்டுப் பொம்பளை யார்? நான்தான். அந்த வீட்டுக்கு நான் பொம்பளையா என்று லாயர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மாமாவிடம் லாயர் கதை எடுபடுமா?

ஆக, ஆபிஸ் முடிந்ததும் தினமும் அந்த வீட்டுக்கு ஓட்டம். என் கணவர் லோரி இல்லாத நாளில் ஹோண்டாவில் வந்து கூட்டிப் போவார். மற்ற நாளில் பஸ், பிறகு நடை. மழை என்றால் குடை, காற்று என்றால் குடையும் இல்லை. போய்ச் சேர்ந்து, பூட்டைத் திறந்து, வெறும் தரையில் விளக்கு ஏற்றி, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, அணைத்துப் பூட்டிவிட்டு, மறுபடி பஸ் பிடித்து லயத்துக்கு வந்து சமையல். எலும்பெல்லாம் வலிக்கும். சாமி கும்பிடும்போதே கொட்டாவி விட்டவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், தட்டு நிறைய குவே பலகாரம் கொண்டுவந்து தந்தார். புதுசாகக் குடிவந்தவர்களாம் நாங்கள்! ஏன் நாற்காலி மேசை ஒன்றையும் காணோம் என்று மலாயில் கேட்டார். நான் என்னவென்று சொல்வது? நாங்கள் எளிமையான ஆட்கள் என்று சொல்லிவைத்தேன்.

கிள்ளான் லாயர் ஆபிசில் ஒரு தமிழ் கிளார்க். மரியாதையான பையன்தான். போன் பண்ணினால் ஒரே பல்லவி: "இன்னும் ஒரே ஒரு சைன்தான்கா பாக்கி. வந்தொடனே கூப்புடுறேன்." ஆனியிலும் ஒரே ஒரு சைன், ஆடியிலும் ஒரே ஒரு சைன். மொத்தக் காண்ட்ராக்டையும் என்னிடம் கொடுத்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் டைப் அடித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் கையெழுத்தை டைப் அடிக்க முடியாதே!

அந்த ஒரே ஒரு சைன் யாருடையது என்று ஆடி நடுவில்தான் தெரிந்தது. கடைக்கே போய் ஜமால் பாயை நிறுத்தி வைத்துக் கேட்டேன். அவர் மேசை துடைக்கிற துணியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுலேர்ந்து வரணும் தங்கச்சி. வீடு ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு. அவங்க ஊர்ல இருக்காங்க. இங்கேர்ந்து பாரம் அனுப்பியாச்சு. சைன் போட்டு அனுப்பணும்... வந்துரும், இன்ஷா அல்லாஹ்."

ஊர் என்றால் தமிழ்நாட்டில், கடலோரம். தபால் கப்பலில் போனாலும் இந்நேரம் திரும்பியிருக்குமே?

எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "அந்தம்மா வெலையேத்தப் பாக்குறாங்க" என்றேன் என் கணவரிடம்.

"வரும்லா. எங்க போயிரப் போவுது?"

"உங்களுக்கென்ன, கூரையப் பாத்துட்டு ஒக்காந்திருப்பீங்க. தெனம் அலையறவ நான்ல!"

உண்மையைச் சொல்கிறேன். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நான் தினமும் திட்டினேன். விளக்கு ஏற்றிக்கொண்டே திட்டினேன்.

நாங்கள் இங்கே காத்துக்கொண்டிருந்தால், லயத்தில் எங்களுக்காக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். சாந்தி. நாங்கள் காலி செய்ததும் எங்கள் வீட்டை அவளுக்குத்தான் கொடுப்பதாகத் தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டில், கொழுந்தன்மார் குறுக்கும் நெடுக்கும் படுத்திருக்கும் கூடத்தில்தான் அவளுக்கும் படுக்கை. வயிற்றில் பிள்ளை வேறு.

முதலில், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்க்கா" என்று வந்தாள். அடுத்த முறை லாங்சிர் தைக்க ஜன்னலை அளந்துகொண்டு போனாள் — எங்கள் பழைய திரை தொங்கும்போதே! ஆடி முடிவதற்குள், "அக்கா, எங்க வீட்டுல எடமே இல்ல, இது மட்டும் இங்க இருக்கட்டும்கா" என்று தொட்டில் கட்டையை எங்கள் அஞ்சடியில் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனாள். நான் இன்னொருத்தர் வீட்டில் விளக்கு வைக்கிறேன், இன்னொருத்தி என் வீட்டு வாசலில் தொட்டில் வைக்கிறாள். அவள்மேல் எப்படிக் கோபப்படுவது?

ஆவணி பிறந்ததும் கிராணி மறுபடி வந்தார். இந்த முறை உட்காரவில்லை. "மண்டோரே, மேனேஜர் கேக்குறாரு. இந்த மாசக் கடைசி. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மாமா தலையாட்டினார். வீடு கைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மாமா கலும்பாங்கில் மகள் வீட்டுக்கு, நாங்கள் டவுனில் ஏதாவது கடைக்கு மேலே ஒரு ரூமுக்கு. அவ்வளவு காலம் ஒரே உலையில் சாப்பிட்டவர்கள் பிரிய வேண்டியதுதான். மறுநாள் பார்த்தால் மாமா தன் வேட்டி சட்டையை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "எதுக்கு மாமா?" என்றேன். "சும்மாதாம்மா" என்றார். அன்றைக்கு ஆபிசில் நான் அடித்த ஒரு கடிதமும் ஒழுங்காக வரவில்லை.

இந்த நிலைமையில்தான் போன வெள்ளிக்கிழமை அந்த அம்மா கதவைத் தட்டினார்.

சபியா. ஜமால் பாயின் மனைவி. நான் ஆடியிலிருந்து திட்டிக்கொண்டிருந்த அதே ஆள். சுபாங் விமான நிலையத்திலிருந்து நேரே டாக்சியில் வந்திருக்கிறார்.

"கடைக்குப் போகலியாக்கா? பாய்க்குத் தெரியுமா?"

"அடுத்த வாரம்தான் வருவேன்னு நெனச்சிட்டிருப்பாக. கடை எங்கயும் ஓடிறாது. வீட்டு நம்பரு அந்தப் பாரத்துல இருந்துச்சு. அதத்தான் டாக்சிக்காரர்ட்ட காட்டுனேன்."

வாயில் நாலு நல்ல வார்த்தை தயாராக வைத்திருந்தேன். மூன்று பேரைத் தெருவில் நிறுத்துகிறீர்களே, நியாயமா என்று கேட்க நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. விளக்கைப் பார்த்தார்.

"வெளக்கு எரியுதே... பூட்டி, தூசி அடஞ்சு கெடக்கும்னு நெனச்சு வந்தேன்" என்றார்.

பிறகு யாரும் வழி காட்டாமலே நேரே அடுப்படிக்குப் போனார். ஜன்னல் கட்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கவனித்தேன். அவர் என்னைவிடக் குட்டை.

"வச்சிட்டான்!" என்றார். "அந்தச் சீனன் கொத்தனாரு. சொன்னபடி வச்சிட்டான் பாருங்க."

"எதை அக்கா?"

"ஜன்னல. வீடு கட்டையில நான் இங்கதான் இருந்தேன், கடைக்கு மேல. மூத்தவ வயித்துல. ஒரு நா அவுககூட வந்து பாத்தேன், செவுரு பாதிதான் ஏறியிருந்துச்சு. எனக்கு அவன் பாச தெரியாது, கையால காட்டுனேன் — இங்க, இந்த ஒசரம். ஆக்குறப்ப அவுக ரோட்டுல வர்றது தெரியணும்ல? அந்த மாசமே பிரசவத்துக்கு ஊருக்குப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... மாமியாருக்கு முடியாமப் போச்சு. பின்னால மவன் பொறந்தான். பின்னால விசா. ஒவ்வொரு தடவ அவுக ஊருக்கு வர்றப்பயும் அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேம்பாக. இப்ப அந்த மூத்தவளுக்கே நிக்காஹ் பேசியாச்சு தங்கச்சி. அதுக்குத்தான் இத விக்கிறது."

பையிலிருந்து அந்தப் பாரத்தை எடுத்தார். மடித்த மடிப்பில் கிழிகிற நிலைமையில் இருந்தது. கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

"பேனாவ எடுப்பேன், வச்சிருவேன். ஒங்களுக்கு எடஞ்சல்னு தெரியும். கல்யாணத்துக்கு வேணும்னும் தெரியும். ஆனா ஒரு நா கூட இருந்து பாக்காத வீட்ட எப்புடிக் குடுக்குறது, சொல்லுங்க? அதான், சைன நேருலயே போடுறேன்னு புடிவாதமா கெளம்பிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர்தான் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். இத்தனை நாள் திட்டு வாங்கியவர், திட்டியவளைத் தேற்றுகிறார்!

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "ஒரு வேள இந்த அடுப்படில ஆக்கிக்கிறட்டுமா?"

"உங்க வீடுக்கா. என்னையப் போயி கேக்குறீங்களே?"

"வாசல்ல தோரணத்தப் பாத்தேனே. நீங்க பால் காச்சிட்டீகள்ல? கேக்கணும்ல."

ஞாயிற்றுக்கிழமை ஆக்கினார். லயத்திலிருந்து எங்கள் மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். சட்டிபானை ஜமால் பாய் கடையிலிருந்து வந்தது. பாசாரில் மீன் வாங்கிவந்தது என் கணவர். நான் வெங்காயம் உரித்தேன். வேறெதையும் தொட விடவில்லை அந்த அம்மா. மாமா கூடத்தில் சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "மீனு வாசம் நல்லாத்தான் இருக்கு" என்று அடுப்படிக்குக் கேட்கிறாற்போல் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கிய வீட்டில் முதல் சமையல் மீனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவை அன்றைக்கு ரொம்பப் பிடித்தது எனக்கு.

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சபியா அக்கா கரண்டியும் கையுமாக ஜன்னல் முன்னால் நின்றார். அப்போது சாலையில் ஒரு வேன் நின்றது. ஜமால் பாய் இறங்கி, கடையை யாரிடமோ விட்டுவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து வந்தார்.

"வர்றாக" என்றார் அக்கா.

என்னிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. துப்பட்டியைச் சரி செய்துகொண்டார். அவ்வளவுதான். நான் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது ஜமால் பாயைப் பார்க்க வேண்டுமே! ஊருக்கெல்லாம் சோறு போடுகிற மனிதர், இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல் மூன்று தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று, திங்கட்கிழமை, எல்லோரும் கிள்ளானுக்குப் போனோம். வாசலில் போய் நின்றதும் மாமா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ராகு காலம் முடியவில்லையாம்! இவ்வளவு காலம் சைனுக்காகத் தவம் கிடந்துவிட்டு, சைன் நேரில் வந்து நிற்கும்போது, எதிர்க்கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு ராகு காலம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தோம். ஜமால் பாயும் "இருக்கட்டும் மண்டோர், நல்ல நேரம் பாத்தே செய்வோம்" என்றார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

ஒருவழியாக உள்ளே போனோம். லாயர் ஆங்கிலத்தில் என்னவோ படித்தார். ஜமால் பாய் போட்டார். சபியா அக்கா பேனாவை வாங்கி, இந்தத் தடவை கீழே வைக்காமல், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். வாங்குகிறவர்களில் என் பேரும் உண்டு; என் முறை வந்தது. எனக்குக் கை ஓடவில்லை. எத்தனை நாள் கனவு! ஆனாலும் ஓடவில்லை.

"போடுங்க தங்கச்சி" என்றார் அக்கா. "நீங்களாச்சும் அங்க நின்னு பாருங்க."

போட்டேன்.

நாங்கள் இந்த வாரமே மாறுகிறோம். சாந்தி அளவெடுத்த லாங்சிரைத் தைத்தே முடித்துவிட்டாளாம். கிள்ளான் வாசகிக்கு — உங்கள் கடிகாரத்துக்கு ஆணி வாங்கியாச்சு. புரட்டாசிக்குள் மாட்டிவிடுவேன்.

சபியா அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்க, அந்தக் கிளார்க் பையன் கதவு வரைக்கும் வந்தான். பாவம், நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நாளு காக்க வச்சிட்டோம்கா. மன்னிச்சிருங்க" என்றான்.

மன்னிப்பு சரிதான் தம்பி. ஆள்தான் மாறிப்போச்சு.